வரலாற்றுப் பாடநூல்: ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும்

முன்னுரை

கவிதை, புதினம், நாடகம் ஆகியவையே திறனாய்வுக்கு உரியன என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். தமிழ்ச் சங்க மலர்களைப் புரட்டினால் சிலம்பின் சிறப்பையும் குறளின் திறத்தையும் பற்றிய கட்டுரைகள் பலவற்றைக் காணலாம். அவை வேண்டாதன அல்ல. ஆயினும் நம் பிள்ளைகள் நாள்தோறும் சுமந்து செல்கின்ற, மனப்பாடம் செய்து ஒப்பிக்கின்ற, அவர்தம் எதிர்காலத்திற்கே மதிப்பெண் வழங்குகின்ற ஒரு நூலை நாம் திறனாய்வுத் தட்டில் வைத்து நிறுத்ததில்லை. பள்ளி வரலாற்றுப் பாடநூலையே குறிப்பிடுகிறேன். அதைப் படிக்கும் பிள்ளைக்கு மறுத்துக் கேட்கும் உரிமை இல்லை. மறுத்துக் கேட்கும் வயதுடைய பெற்றோர்க்கு அதைப் படிக்கும் நேரம் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில் அந்நூல் எவர் கண்ணிலும் படாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

யான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லேன். இளங்கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணியாற்றி, இடமாற்றத்தின் காரணமாக இந்நகருக்கு வந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் வாடகை வீட்டில் குடியிருப்பவன். ஆண்டுக்கணக்காகக் கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கண்ணுடன் பாடநூலைப் படித்தபோது எனக்குத் தோன்றியவற்றையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

நாம் எந்தப் பக்கம்?

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. திருச்சியிலிருந்து வந்த புதிதில் என் மகன் இங்குள்ள ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். ஒருநாள் வரலாற்று ஆசிரியை சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியின் பெயரைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினார். என் மகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை புலிகேசி என்றால் 2006-ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற வேடம். வளைந்த மீசையும் வாய்ச்சவடாலும் கொண்ட கோமாளி அரசன். அவனருகே அமர்ந்திருந்தவன் எங்கள் தெருவிலேயே வாழும் கன்னடச் சிறுவன். மாலைதோறும் அவனோடு பந்தாடுபவன். அவன் முகம் சிவந்து, “எங்கள் சக்கரவர்த்தியைப் பார்த்து ஏன் சிரித்தாய்?” என்று கேட்டிருக்கிறான். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நடந்ததை அன்றிரவு சொல்லிவிட்டு, என் மகன் கேட்டான்: “அப்பா, அந்தப் போரில் நாம் எந்தப் பக்கம்?”

விடை என் நாவின் நுனியில் இருந்தது. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தைப் பள்ளிப் பருவத்திலேயே இருமுறை படித்தவன் நான். வாதாபி கொண்ட நரசிம்மவர்மனைப் பற்றித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அந்தக் கன்னடச் சிறுவனின் தந்தையோ 1967-இல் வெளிவந்த ‘இம்மடி புலிகேசி’யில் ராஜ்குமாரைக் கண்டு வளர்ந்தவர், ஹர்ஷனையே தடுத்து நிறுத்திய தம் மாமன்னனைப் பற்றித் தேர்வெழுதியவர். எனினும் ‘நாம் நரசிம்மவர்மன் பக்கம்’ என்று நான் சொல்லிவிட்டால், மறுநாள் காலை என் மகன் அதே பலகையில், அதே நண்பனருகே, எந்த முகத்தோடு போய் அமர்வான்? நான் விடை கூறவில்லை. “நாளை சொல்கிறேன், தூங்கு” என்றேன். அந்த ‘நாளை’ வருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

ஒரு போர், இரு சாசனங்கள்

அதன்பின் மூன்று பாடநூல்களை அருகருகே வைத்துப் படிக்கலானேன். என் மகன் பயில்வது மத்தியப் பாடத்திட்டம். தெருவிலுள்ள கன்னடப் பிள்ளைகள் பலர் பயில்வது கர்நாடக மாநிலப் பாடத்திட்டம். ஊரில் என் தங்கை மகள் பயில்வது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே நாடு, ஆயின் ஒரு நூலில் விரிந்து நிற்பவன் மற்றொன்றில் ஒடுங்கி நிற்கிறான். பொய் என்று சொல்லத்தக்கது குறைவு. எவ்விடத்தில் கதையைத் தொடங்குவது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சான்றாக அந்தப் போரையே எடுத்துக்கொள்வோம். 634-ஆம் ஆண்டு ஐஹொளேயில் ரவிகீர்த்தி இயற்றிய வடமொழிக் கல்வெட்டு, பல்லவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒதுங்கினான் என்று புலிகேசியின் வெற்றியைப் போற்றுகிறது. பிற்காலப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்கிறது. வென்றவர் யார் என்பதை அவரவர் அவைக்களத்துப் புலவரே தீர்மானித்திருக்கின்றனர். பின்னர் 642-இல் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றினான். நம் கதை இங்கே நின்றுவிடுகிறது. ஆயினும் வரலாறு நிற்கவில்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டு, உறையூர் வரை படை நடத்தி வந்தான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே புகுந்தான்.

அவ்வாறு புகுந்தவன் செய்ததுதான் வியப்புக்குரியது. கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்ட அவ்வேந்தன், அதைக் கவர்ந்து செல்லாமல் கோயிலுக்கே திருப்பி அளித்தான். அதனைத் தெரிவிக்கும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயிலிலேயே உள்ளது. பகைவனின் மொழியில் பகைவன் பொறித்த அந்த எழுத்தைப் பின்வந்த பல்லவரும் சோழரும் சிதைத்து எறியவில்லை. அவன் பெருந்தேவி லோகமகாதேவி, அவ்வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சாயலைக் கொண்டது என்பது கலை வரலாற்றறிஞர் ஒப்புக்கொண்ட செய்தி. வென்ற நாடு தோற்ற நாட்டிடம் கட்டடக் கலை கற்றுக்கொண்டது! இதனினும் சிறந்த பாடம் கன்னடச் சிறுவனுக்கும் தமிழ்ச் சிறுவனுக்கும் வேறு எது இருக்க முடியும்? ஆயின் என் மகன் இதுவரை எழுதிய தேர்வுத் தாள்களில் ‘வாதாபியைக் கைப்பற்றியவர் யார்?’ என்னும் வினாவைக் கண்டிருக்கிறேன். ‘காஞ்சிக் கோயிலில் கன்னடக் கல்வெட்டு வந்தது எவ்வாறு?’ என்னும் வினாவை ஒருமுறையும் கண்டதில்லை.

கடல் கடந்த ஈழத்திலும் இதே நிலைதான். எல்லாளனைத் துட்டகைமுனு வென்ற கதையைக் கூறும் மகாவம்சமே, வென்றவன் தன் பகைவனுக்கு நினைவிடம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் இசைக்கருவிகளை நிறுத்திச் செல்ல வேண்டும் என்று கட்டளையிட்டதையும் கூறுகிறது. வெற்றி மட்டும் இரு தரப்பினர் நெஞ்சிலும் ஆழப் பதிந்தது. அந்த மரியாதை அந்த அளவிற்குப் பதியவில்லை. அதன் விளைவுகளை நாம் நன்கறிவோம்.

மகுடம் மாறும், அரியணை மாறாது

இவ்வாறு தேர்ந்தெடுத்துக் கற்பிப்பதால் நன்மை அடைபவர் யாவர்?

நம் வரலாற்றுப் பாடநூலின் மூதாதை என்று சொல்லத்தக்கது ஜேம்ஸ் மில் 1817-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய வரலாறு. அவர் இந்நாட்டில் காலடி வைத்தவர் அல்லர். இந்நாட்டு மொழி எதனையும் கற்றவரும் அல்லர். அவர்தாம் நம் வரலாற்றை இந்துக் காலம், முகம்மதியர் காலம், ஆங்கிலேயர் காலம் என மூன்றாகக் கூறு போட்டார். கிழக்கிந்தியக் கும்பினியின் அதிகாரிகளாக வரவிருந்த இளைஞர்க்கு ஹெய்லிபரிக் கல்லூரியில் அது பாடமாயிற்று. ‘இவர்கள் தாமாக ஆளத் தெரியாதவர்கள், நாம் சென்றால்தான் உய்வார்கள்’ என்னும் நம்பிக்கை ஆள வருபவனுக்கு வேண்டியிருந்தது, நூல் அதை வழங்கியது. நூலின் பயன் எவருக்கு என்பதில் அங்கே ஐயமே இல்லை.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியிருக்க வேண்டும். 1961-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் தோன்றியது. தலைசிறந்த அறிஞர்கள் பாடநூல் எழுதினர். ஆயினும் 1977-இல் ஆட்சி மாறியதும் அந்நூல்கள் மீது ஐயம் எழுந்தது, 1978-இல் ஆர். எஸ். சர்மாவின் பண்டைய இந்தியா பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. 2002-இல் புதிய நூல்கள் வந்தன. 2004-இல் ஆட்சி மாறிற்று. 2006 முதல் மீண்டும் வேறு நூல்கள் வந்தன. சுமை குறைப்பு என்னும் பெயரில் 2022-இல் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய இயல் நீங்கியது. 2025-இல் வந்த புதிய ஏழாம் வகுப்பு நூலில் தில்லி சுல்தான்களும் முகலாயரும் இல்லை. அவர்கள் எட்டாம் வகுப்புக்கு வேறொரு தொனியில் சென்று சேர்ந்தனர்.

கர்நாடகத்தில் 2022-இல் நிகழ்ந்த பாடநூல் திருத்தம் பெரும் பூசலை எழுப்பியது. ஹெட்கேவாரின் உரை பாடமாகச் சேர்ந்தது. பசவண்ணரைப் பற்றிய பகுதியை மடாதிபதிகளே எதிர்த்தனர். 2023-இல் ஆட்சி மாறியதும் சேர்ந்தவை நீங்கின. அண்டை மாநிலத்தைக் குறை கூறி நாம் அமைதி அடைந்துவிட இயலாது. 2011-இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, ஏற்கெனவே அச்சிட்ட சமச்சீர்க் கல்வி நூல்களை நிறுத்திவைக்க முயன்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அவை வகுப்பறையை அடைந்தன. அப்போதும் முந்தைய ஆட்சியை நினைவூட்டிய பகுதிகளின் மீது தாள் ஒட்டி மறைத்தனர். ஒட்டிய தாளைப் பிரித்துப் பார்க்காத பிள்ளை எந்த வகுப்பில் இருந்திருக்கும்?

இத்திருத்தங்கள் யாவும் ஒரே தரத்தன என்று நான் கூறவில்லை. பிழையை நீக்குவதும் உண்மையை நீக்குவதும் ஒன்றாகா. ஆயினும், எந்தக் கட்சி வந்தாலும் பாடநூலைத் தன் தேர்தல் அறிக்கையின் பிற்சேர்க்கையாகவே கருதும் மனப்பான்மை பொதுவாக இருக்கக் காண்கிறோம். ஒருவர் அக்பரை எழுப்பிவிட்டுச் சிவாஜியை அமர்த்துகிறார்; மற்றொருவர் அவரை எழுப்பி இவரை அமர்த்துகிறார். அமர்பவர் மாறுகின்றனர், அரியணை அங்கேயே கிடக்கிறது.

நம் தமிழறிஞரின் கோரிக்கையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. இந்திய வரலாற்றைக் கங்கைச் சமவெளியிலிருந்து தொடங்கும் வழக்கத்தை விடுத்து, கிருஷ்ணை, காவிரி, வைகை ஆற்றுப் படுகைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று ‘மனோன்மணீயம்’ ஆசிரியர் சுந்தரம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். நேர்மையான வாதம் அது. இன்றும் முழுமையாக நிறைவேறாத வாதம். ஆயின் நாம் அதை எவ்வாறு புரிந்துகொண்டோம்? ‘மௌரியனுக்கு இத்தனை பக்கம், சோழனுக்கு ஏன் இத்தனை வரி?’ என்று பக்கக் கணக்குக் கேட்பதோடு நம் வழக்கு முடிந்துவிடுகிறது. அதே அரியணையில் நம் அரசனை அமர்த்திவிட்டால் நாம் நிறைவடைந்து விடுகிறோம்.

ஏவியவனும் இயற்றியவனும்

இவ்விடத்தில் நம் இலக்கணம் எனக்குத் துணை செய்தது. மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது தமிழாசிரியர் கருத்தாவை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். தச்சன் செய்தது என்றால் அவன் இயற்றுதற் கருத்தா. தன் கையால் செய்தவன். அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவுதற் கருத்தா. பிறரைக் கொண்டு செய்வித்தவன். எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த வேறுபாடு இது. தமிழ்ப் பாட வேளையில் கற்ற இவ்வேறுபாட்டை அடுத்த வேளையான வரலாற்றில் அவன் மறந்துவிட வேண்டியிருக்கிறது. கரிகாலன் கல்லணை கட்டினான். ஷாஜகான் தாஜ்மகால் கட்டினான். கெம்பே கவுடா 1537-இல் பெங்களூர்க் கோட்டையைக் கட்டினான். கட்டினான், வென்றான், வெட்டினான் என்னும் வினைமுற்றுகள் யாவும் ஏவியவனுக்கே உரிமையாகிவிட்டன. இயற்றியவன் இலக்கணத்தில் மட்டுமே உயிர் வாழ்கிறான்.

எழுத்தனாகிய எனக்கு இது புதிதன்று. அலுவலகக் கோப்பில் குறிப்பெழுதுபவன் ஒருவன், கையொப்பமிடுபவர் மற்றொருவர். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது’ என்று நாங்கள் எழுதுவோம். எடுத்தவர் யார், எடுக்காமல் விட்டவர் யார் என்பதை அந்தச் செயப்பாட்டு வினை மூடிக்கொள்ளும். அலுவலகத்தில் அது தப்பிக்கும் வழி. வரலாற்று நூலில் அதுவே மறதியாகிறது.

பழங்காலத்து மன்னர்களே நம் பாடநூலாசிரியரை விடத் தாராளமாக இருந்தனர் என்பது என் முடிபு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காண்க. இராசராசன் தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரை அங்கே குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார் என்பதும் கல்லில் உள்ளன. கோயிலைச் சமைத்த குஞ்சரமல்லன் ஆகிய இராசராசப் பெருந்தச்சனின் பெயர் உள்ளது. நாவிதனின் பெயரும் உள்ளது. பிற ஊர்களிலிருந்து பணியின் பொருட்டு வந்து குடியேறிய மக்களின் பதிவேடு அது! இடமாற்றம் பெற்று இங்கு வந்து வாடகை வீடு தேடிய நமக்கு அந்த நானூறு பெயர்களை விட நெருக்கமான வரலாறு எது? ஏவியவனே கல்லில் இடம் கொடுத்த பெயர்களுக்குத் தாளில் இடம் கொடுக்க நமக்கு மனமில்லை.

பெருமித உணர்வு பிள்ளைகளுக்கு வேண்டாமா என்று கேட்பவர் உளர். அவர்கள் கேள்வியை நான் எள்ளி ஒதுக்கமாட்டேன். பிழைப்பு நாடி வந்த ஊரில், பேருந்தில் உரக்கத் தமிழ் பேசவும் சிலவேளை தயங்கிய நமக்கு, ‘நாங்களும் ஒரு காலத்தில்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு சோழன் தேவைப்படுகிறான். 1991-இலும் 2016-இலும் காவிரியின் பெயரால் நிகழ்ந்தவற்றைக் கண்டவர்க்கு அத்தேவை விளங்கும். ஆயின் அரசனைக் கொண்டு பெறும் பெருமிதம் எப்போதும் எதிரி அரசன் ஒருவனை உடன் அழைத்து வருகிறது. என் மகன் சிரித்த சிரிப்பும் அவன் நண்பன் கொண்ட சினமும் அங்கே பிறந்தவையே. அச்சினத்தால் அவ்விரு வீட்டாருக்கும் விளைந்த நன்மை ஒன்றுமில்லை. அதை முதலாக்கி வாக்கு அறுவடை செய்வோர்க்கே நன்மை.

நம் வீட்டருகே உள்ள கற்கள்

பெங்களூர் என்னும் பெயருக்கு, பசித்து வந்த ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வெந்த அவரையை அளித்ததாகக் கதை சொல்வர். அக்கதையிலும் மன்னனுக்கு மட்டுமே பெயர் உண்டு. சமைத்து அளித்தவளுக்கு இல்லை. ஆயின் அவன் காலத்துக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே இப்பெயர் வழங்கியதற்குச் சான்று ஓசூர் சாலைக்கு மேற்கே பேகூரில் உள்ளது. அங்குள்ள நாகநாதேசுவரர் கோயில் வளாகத்தில், ஏறக்குறைய 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கங்கர் காலத்துக் கன்னட வீரக்கல் ஒன்று நிற்கிறது. நாகத்தரன் என்பவனின் மனையைச் சார்ந்த ஒருவன் பெங்களூர்ப் போரில் இறந்துபட்டதை அது கூறுகிறது. இம்மாநகரின் பெயர் முதன்முதலாக நமக்குக் கிடைப்பது எந்த வேந்தனின் மெய்க்கீர்த்தியிலும் அன்று. ஒருவனுக்காகப் போரிட்டு மடிந்த, அவன் மனையைச் சார்ந்த ஒரு மனிதனின் நடுகல்லில்!

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நகருக்குச் செல்லும் வழியில் மடிவாளத்தில் சோமேசுவரர் கோயில் உள்ளது. அதன் அடிப்பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். 1247-ஆம் ஆண்டுக்குரிய ஒன்று, வெங்களூர்ப் பேரேரியின் கீழுள்ள நிலத்தைத் தானமாக அளித்ததைக் கூறுகிறது; அளித்தவர் வேப்பூரார், அஃதாவது இன்றைய பேகூரைச் சேர்ந்தவர். தோமலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பெங்களூரிலேயே பிறந்து, இங்கே பள்ளித் தலைமையாசிரியராகவும் பணிபுரிந்த லூயி ரைஸ் இவற்றையெல்லாம் தொகுத்து, பெங்களூர் மாவட்டத்துக்கெனத் தனித் தொகுதியாக 1905-இலேயே வெளியிட்டுவிட்டார்.

நகரின் பெயர் கன்னடக் கல்லில் ‘பெங்களூர்’. தமிழ்க் கல்லில் ‘வெங்களூர்’. ஒன்று போரைச் சொல்கிறது. மற்றொன்று ஏரியைச் சொல்கிறது. இவற்றைக் காட்டி ‘இது எங்கள் ஊர்’ என்று எவரும் மார்தட்ட நான் இதை எழுதவில்லை. இங்கே இரு மொழி பேசியவரும் ஒரே ஏரியின் நீரில் வேளாண்மை செய்தனர் என்பதற்கே இவை சான்று. நாம் 1809-க்குப் பின் தண்டுப் பகுதியில் சென்னைப் படையோடு வந்து தங்கியவரின் வழியினராயினும், நேற்று வேலைக்கு வந்தவராயினும், இவ்வுண்மை எவரையும் சிறுமைப்படுத்தாது.

நம் குடியிருப்பின் வரலாற்றையே பாருங்கள். 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் தலைவர் ஆர். கே. பாலிகாவின் முயற்சியால், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களின் 332 ஏக்கர் நிலத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது. வருங்காலப் பாடநூல் இவ்வளவைச் சொல்லி நிறுத்திவிடும். அந்நிலத்தில் முன்னர் உழுதவர் யார்? மேம்பாலத்துக்கும் கண்ணாடி மாளிகைகளுக்கும் கற்காரை சுமந்த கிருஷ்ணகிரி, தருமபுரி, ராய்ச்சூர் மக்கள் யார்? இரவு வேளையில் வாயிற்காவல் நிற்பவர் யார்? நம் கண் முன்னேயே இயற்றுதற் கருத்தா மறைந்துகொண்டிருக்கிறான்.

எல்லைக்கோட்டில் அறுந்த வரலாறு

மாநில எல்லைகள் 1956-இல் வரையப்பட்டவை. அவற்றைப் பின்னோக்கி நீட்டி, பழைய வரலாற்றையும் அக்கோட்டிலேயே வெட்டிவிடுவது மற்றொரு குறை. 1800-1801 ஆண்டுகளில் கும்பினி ஆட்சியை எதிர்த்துத் தென்னாட்டில் பெருங்கிளர்ச்சி மூண்டது. சிவகங்கை மருது சகோதரரும், திண்டுக்கல் கோபால நாயக்கரும், மலபாரின் கேரளவர்மரும், மைசூர்ப் பகுதியின் துந்தாஜி வாக்கும் ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டு இயங்கினர். பேராசிரியர் கே. ராஜய்யன் இதனை முதல் விடுதலைப் போர் என்றே பெயரிட்டு 1971-இல் ஆங்கில நூல் எழுதினார். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூல் இக்கூட்டணியை எடுத்துரைப்பது பாராட்டுக்குரியது. எனினும் சிலை எடுக்கும்போதும் விழா எடுக்கும்போதும் மருதுவைத் தமிழகம் எடுத்துக்கொள்கிறது. கேரளவர்மரைக் கேரளம் எடுத்துக்கொள்கிறது. இவர்கள் ஒருவர்க்கொருவர் ஓலை விடுத்தவர்கள் என்பது எவருக்கும் சொந்தமாகாமல் எல்லையில் நிற்கிறது. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, அங்கே காவலில் இருந்தவர்கள் சீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டு வரப்பெற்ற திப்புவின் மக்கள் என்பதும் இவ்வாறே.

செய்யத்தக்கன யாவை?

முதலாவது, நாம் வீட்டில் செய்யத்தக்கது. பிள்ளையின் வரலாற்று நூலைத் திறந்து, ஒவ்வொரு ‘கட்டினான்’ என்னும் சொல்லின் கீழும் கோடிட்டு, ‘இவன் ஏவியவனா, இயற்றியவனா?’ என்று கேட்கச் செய்ய வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. எட்டாம் வகுப்புத் தமிழ் போதும். பழைய ஆறாம் வகுப்பு மத்தியப் பாடநூல், மெய்க்கீர்த்தி என்பது அரசனைப் புகழ எழுதியது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னது. நல்ல தொடக்கம் அது. தேர்வு வினாக்கள்தாம் அதைக் கைவிட்டன.

இரண்டாவது, சங்கங்கள் செய்யத்தக்கது. ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி வைத்துக் கட்டபொம்மனையும் வேலுநாச்சியாரையும் மேடையேற்றுகிறோம், நன்று. அதனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பேகூருக்கும் மடிவாளத்துக்கும் அழைத்துச் செல்லலாம். கன்னடம் அறிந்த நண்பர்களையும் அவர்தம் பிள்ளைகளையும் உடன் அழைக்கலாம். கன்னடக் கல்லை அவர்கள் விளக்கட்டும்; தமிழ்க் கல்லை நாம் விளக்குவோம்.

மூன்றாவது, அரசுகள் செய்யத்தக்கது. இரு உலகப் போர்களில் ஒருவரையொருவர் கொன்று குவித்த பிரான்சும் ஜெர்மனியும் 2006-இல் இரு நாட்டு மாணவர்க்கும் பொதுவான வரலாற்று நூல் ஒன்றை இரு மொழிகளிலும் வெளியிட்டன. அதற்கு முதலில் குரல் எழுப்பியவர்கள் இரு நாட்டு இளைஞர்களே. காவிரியைப் பகிர்ந்துகொள்ளும் இரு மாநிலங்கள் முழு நூல் வேண்டாம், ஒரேயொரு பொது இயலை எழுதக் கூடாதா? வாதாபியும் காஞ்சியும், தலைக்காடும் தஞ்சையும், அணைகளும் அவற்றைக் கட்டிய கூலியாட்களும் அதில் இடம் பெறட்டும். அன்று வரை பாடநூல் எவருடைய நலனுக்கோ உழைத்துக்கொண்டிருக்கும். பிள்ளையின் நலனுக்கு உழைக்காது.

முடிவுரை

என் மகனுக்கு நான் தர வேண்டியிருந்த விடையைச் சென்ற ஆண்டுதான் தந்தேன். அவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் பயில்கிறான். அந்தக் கன்னடச் சிறுவன் இன்றும் அவன் நண்பன். இருவரையும் பேகூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அந்த வீரக்கல்லின் எழுத்தை இருவராலும் படிக்க இயலவில்லை. பழங்கன்னட எழுத்து கன்னடச் சிறுவனுக்கும் புதிராகவே இருந்தது. பொருளை நான் சொன்னேன். சற்று நேரம் நின்றுவிட்டு என் மகன், “இவர் எந்த அரசருக்காகச் சண்டை போட்டார்?” என்று கேட்டான். “கங்க அரசர் காலம்” என்றேன். “அந்த அரசர் பெயர் என்ன?” என்று நண்பன் கேட்டான். அப்போது எனக்கு நினைவு வரவில்லை. நினைவு வராததற்காக முதன்முறையாக நான் வருந்தவில்லை.

திரும்பும் வழியில், “நீ ஒருமுறை கேட்டாயே, நாம் எந்தப் பக்கம் என்று. நாம் இயற்றியவர் பக்கம், இவன் குடும்பமும் அதே பக்கந்தான்” என்றேன். கேட்ட கேள்வியையே அவன் மறந்துவிட்டிருந்தான். விடை எனக்கே தேவைப்பட்டிருக்கிறது போலும்.